மலையேறாத தீ

என் தம்பி நின்ற இடத்துக் காற்று எனக்குப் பையில் வரும். அவனுக்குக் கோதாவரிப் பக்கம் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை. எனக்கு ஹைதராபாத்தில், வாயுப் பரிசோதனைக் கூடத்தில். அவன் சுரங்கத்தில் கரி வெட்டி முடித்துக் கைவிட்ட ஒரு பகுதி, யாரும் கொளுத்தாமலே சூடேறி எரிய ஆரம்பித்துவிட்டது. சுவர் எழுப்பி மூடிவிட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் போய்ப் பார்க்க முடியாது. அதில் பதித்த குழாய் வழியாக உள்காற்றைப் பையில் பிடித்து ஜீப்பில் அனுப்புவார்கள். தீ அடங்குகிறதா இல்லையா என்று அதை வைத்து நான் சொல்ல வேண்டும். சொல்வதற்குள் அது பழங்கதை. அமீர்பேட் நெரிசலில் ஜீப் மாட்டிக்கொண்டால் இன்னும் பழசு.

சாயங்காலம் சைனிக்புரி வீட்டுக்குள் கால் வைத்ததும் அம்மா கேட்பாள்: “மலையேறிடுச்சாடீ?”

எங்கள் வீட்டில் விளக்கு அணைந்தது என்று சொல்லவே கூடாது. மலையேறியது என்றுதான் சொல்ல வேண்டும். சின்ன வயதில் தம்பி வாய் தவறி ‘அணைஞ்சிடுச்சு’ என்றால் பட்டென்று ஒன்று விழும். சுரங்கத்துத் தீக்கும் அதே மரியாதை!

“அது என்ன குத்துவிளக்காம்மா?” என்று ஒரு நாள் எரிந்து விழுந்தேன்.

“பிள்ளை அங்க நிக்கிறான். அமங்கலமாப் பேசாதே.”

ஒரு நாள் காலையில் தம்பியே போன் செய்தான். “அக்கா, சுவர்கிட்ட மீட்டர் வெச்சுப் பார்த்தோம். கார்பன் மோனாக்சைடு பாதியாயிடுச்சு! இனிமே டென்ஷன் நக்கோ.” ஹைதராபாத்தில் வளர்ந்தவன்; ‘வேண்டாம்’ என்பதற்கு நக்கோ, ‘எதுக்கு’ என்பதற்குக் கைக்கு என்றுதான் அவன் வாயில் வரும். அம்மா உடனே பாயசம் வைத்தாள். நானும் ஆசையாகக் குடித்துவிட்டுத்தான் வேலைக்குப் போனேன்.

மதியம் பை வந்தது. மோனாக்சைடு குறைந்திருந்தது உண்மைதான். ஆனால் ஆக்சிஜன் கூடியிருந்தது. கரிக்கிற சாம்பாரில் தண்ணீர் ஊற்றினால் கரிப்புக் குறையும், போட்ட உப்பு எங்கே போகும்? சுவரில் எங்கோ விரிசல், வெளிக்காற்று உள்ளே புகுந்து கலந்திருக்கிறது. தீ தின்ற ஆக்சிஜனுக்கு எவ்வளவு மோனாக்சைடு என்று கணக்குப் போட்டேன். முந்தின நாளைவிட மோசம். எத்திலீன் வேறு எட்டிப் பார்த்தது. மாம்பழம் பழுக்க வைக்கிற அதே வாயுதான். நிலக்கரியிலிருந்து அது வந்தால் கரி கண்டபடி சூடாகியிருக்கிறது என்று அர்த்தம். மீத்தேனும் இருந்தது. இன்னும் கொஞ்சம் காற்று புகுந்தால் வெடித்துவிடும்.

தம்பி போனை எடுக்கவில்லை. சுரங்க அலுவலகத்தில் எடுத்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் தெலுங்கில் சொன்னார்: “சுவர்ல ஒரு விரிசல் கண்ணுல பட்டுச்சு. அதைப் பூசத்தான் மேடம், உங்க தம்பி டீம் கீழ போயிருக்கு. சுவர்கிட்ட போன் கிடையாது. இப்பவே ஆள் அனுப்பித் திரும்பி வரச் சொல்றேன்.”

ஆள் நடந்துபோய்ச் சேர வேண்டும்! அதற்குள் என்ன ஆகுமோ. என் படிப்பு, இந்தப் பாழாய்ப்போன மிஷின், எல்லாம் இருந்து என்ன பிரயோஜனம்? என் தம்பியை ஒரு அடி பின்னால் இழுக்க என்னால் முடியவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

இருட்டுகிற நேரத்தில் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

“மேல வந்துட்டேன்க்கா. ஆள் வந்து சொன்னப்போ பாதி பூசியாச்சு. அப்படியே போட்டுட்டு ஓடி வந்தோம்.”

“இனிமே அந்தச் சுவர்ப் பக்கமே போகாதேடா!”

“கைக்கு கத்துறே? மிச்சத்தை யார் பூசுவா? வெடிக்காம இருக்க ராத்திரி பூரா உள்ள நைட்ரஜன் விடுவாங்க. நாளைக்குப் பை வரும். பார்த்துட்டு நீ சரின்னு சொன்னாப் போவோம்.”

நான் சொன்னால் போவானாம். ஜீப்பில் வந்த பழைய காற்றைப் பார்த்துவிட்டு, நான் அவனை உள்ளே அனுப்ப வேண்டுமாம். போனை வைத்துவிட்டேன்.

அம்மா அன்று மலையேறிடுச்சா என்று கேட்கவில்லை. பூஜை அலமாரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவள் சட்டென்று வெடித்தாள்.

“சனியன், அணைஞ்சு தொலைய மாட்டேங்குதே!”

அந்தச் சொல்லை அம்மா வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை.