கூரையைத் தொடாத சுவர்

என் இளைய மகள் ஏதோ படித்துவிட்டு வந்து வீட்டில் சட்டம் போட்டிருக்கிறாள். விசிறி ஓடினால் ஏர்கோன் ஓடக்கூடாது. பக்கத்துக் கடைக்குக் கார் எடுக்கக்கூடாது. "அவங்கவங்க வீட்டுப் புகைய அவங்கவங்க கொறச்சாலே போதும்மா, உலகம் தப்பிச்சிரும்" என்கிறாள். நல்ல பிள்ளை. நானும் ஏர்கோனை அடைத்துவிட்டு, கூடவே வாயையும் அடைத்துக்கொள்கிறேன். அவள் பிறப்பதற்கு முன்னால், எண்பதுகளில், ஒரு வீட்டுப் புகையைக் குறைக்கப் போராடியவள் நான். அதை அவளிடம் இதுவரை சொன்னதில்லை.

கல்யாணமாகி ரவாங்கிலிருந்து கோலசிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றுக்கு வந்தேன். தொழிலாளர்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டில் எனக்கு முதலில் பிடிக்காமல் போனது சுவர். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவிலிருந்த பலகைச் சுவர், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றுவிடும். அதற்கு மேல் கூரைவரைக்கும் வெறும் வெளி. அவர்கள் வீட்டுச் சண்டை, கருவாட்டு வாசம், விறகுப் புகை எல்லாம் அந்த வழியாக இங்கே வரும். எங்களுடையது அங்கே போகும். அந்த லயத்திலேயே பிறந்து வளர்ந்த என் கணவருக்கு அது ஒரு குறையாகவே படவில்லை.

மூத்தவனுக்கு நடை பழகிய வயதில் இழுப்பு வந்தது. மூச்சு வாங்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும். நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல் ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சோறு வடித்திருக்கிறேன். அந்தப் பயம் பெற்றவளுக்குத்தான் தெரியும். டவுன் ஆஸ்பத்திரி டாக்டர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: புகை ஆகாது.

புகை ஆகாதாம்! விடிந்தால் அடுப்பில் ரப்பர் விறகு. சாயங்காலமானால் கொசுவுக்குத் தேங்காய் மட்டை மூட்டம். அது அடங்குவதற்குள் வாசலுக்கு வாசல் குப்பை எரிப்பு. பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றினால் சாம்பிராணி. சளி பிடித்துவிட்டால் இன்னும் ரெண்டு கைப்பிடி சாம்பிராணி. புகை இல்லாத நேரத்தை லயத்தில் எங்கே போய்த் தேடுவது?

என் வீட்டிலிருந்து தொடங்கினேன். கணவரை நச்சரித்துக் கேஸ் அடுப்பு வாங்க வைத்தேன். குப்பையை வாழைமரத்தடியில் குழி வெட்டிப் புதைத்தேன். மூட்டத்துக்குப் பதிலாகக் கொசுவலை. சாம்பிராணி டப்பாவைத் தூக்கி எறிந்தேன். லயமே எனக்கு 'ரவாங் மகாராணி' என்று பெயர் வைத்துச் சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும், என் பிள்ளை மூச்சு விட்டால் போதும்.

ஆனால் சுவர் இருந்ததே.

பக்கத்து வீட்டு அக்கா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். குரலும் பெரிது, மனசும் பெரிது. ஒருநாள் பையன் இருமுவது சுவருக்கு மேலே கேட்டிருக்கிறது. கொட்டாங்குச்சியில் தணலைப் போட்டு, சாம்பிராணி குபுகுபுவென்று புகைய, வாசல் வழியாக வந்துவிட்டார். "தூக்கிக் காட்டு புள்ள, நெஞ்சுச் சளியெல்லாம் எறங்கிரும்!" நான் யோசிக்கவே இல்லை. தண்ணீரை எடுத்துத் தணல்மேல் ஊற்றிவிட்டேன்.

அக்காவின் முகம் சுண்டிப்போனது. "நல்லதுக்குத்தானே கொண்டாந்தேன்? ஒன் வீட்டு அடுப்ப நீ மாத்திக்கிட்ட, சரி. செவுத்துக்கு மேல வர்ற என் வீட்டுப் பொகைய என்னா செய்யப்போற?"

"அதத்தான்க்கா நானும் கேக்குறேன்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

அதன்பிறகு சில நாள் எங்களுக்குள் பேச்சு இல்லை. பிறகு ஒரு காலையில் சுவருக்கு மேலே புகை வரவில்லை. பின்பக்கம் போய்ப் பார்த்தேன். கொல்லையில் மூன்று கல்லை வைத்து, மேலே ஒரு பழைய தகரத்தை நிறுத்தி, அக்கா அங்கே உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வெளிய ஆக்குனா நல்லா காத்தாட இருக்குலா" என்றார். மழை நாளில் முதுகு நனைய நனைய ஆக்கினார். அப்போதும் அதே பேச்சுத்தான். பையனின் நெஞ்சுச் சத்தம் மெல்ல அடங்கியது. நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் தோட்டத்தில் பழைய ரப்பரைச் சாய்த்து எண்ணெய்ச் செம்பனை நடும் வேலை வந்தது. எங்கள் லயத்துக்கும் கடலுக்கும் நடுவிலிருந்த மரமெல்லாம் விழுந்து, காய்ந்து, வரிசை வரிசையாகக் கிடந்தன. அவற்றைக் கொளுத்தும் கும்பலில் என் கணவரைப் போட்டார், வேலையாட்களை மேய்க்கும் மண்டோர்.

"பையன ஜெராமுக்கு எங்கண்ணன் வீட்டுக்குக் கொண்டு போயிறட்டுமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? விடியக்காலையில வச்சிருவோம். காத்து கடல் பக்கம் போயிரும். மண்டோர்கிட்ட சொல்லிட்டேன்லா, பயப்படாத."

முந்தின சாயங்காலம் மழை பெய்தது. விடியற்காலையில் கட்டையெல்லாம் ஈரம், தீ பிடிக்கவில்லை. நாளைக்கு வைக்கலாமா என்று இவர் கேட்டதற்கு, இன்றைக்கே முடிக்க வேண்டும் என்பது தோட்டத்து மேனேஜர் தொரையின் உத்தரவு என்று மண்டோர் சொல்லிவிட்டார். வெயில் ஏறிக் கட்டை காய்ந்து, மத்தியானத்துக்கு மேல் வைத்தார்கள். அந்நேரம் கடல் காற்று கரைப்பக்கம் வீசும் என்பது லயத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கடுகு போகிற இடத்தை ஆராய்கிறவர்கள் பூசணிக்காய் போகிற இடத்தைப் பார்ப்பதில்லை என்பார்கள். வாழைமரத்தடியில் குப்பையைப் புதைத்துக்கொண்டிருந்த என்னை நினைத்து எனக்கே அன்று சிரிப்பும் ஆத்திரமும் வந்தன.

கதவை மூடினேன். சன்னலிடுக்கில் ஈரத் துணியை அடைத்தேன். புகை அந்தச் சுவருக்கு மேலிருந்து இறங்கி வந்தது. பையனின் உதடு கறுத்துக்கொண்டு வந்தது. பூனைக்குட்டிச் சத்தம்கூட நின்றுவிட்டது. நான் போட்ட அலறலில் அக்கா ஓடிவந்து, ஈரக் கைலியில் அவனைச் சுற்றி என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். போகிற லோரிக்குக் குறுக்கே போய் நின்றார். அந்த லோரியிலேயே ஏறி, புக்கிட் பெலிம்பிங் ஊரைத் தாண்டிக் காற்று தெளிந்த பிறகுதான் அவன் நெஞ்சு அசைவது என் கைக்குத் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் அவன் மூக்கில் குழாய் வைத்தார்கள். பிழைத்துக்கொள்வான் என்றார்கள். பொழுது சாயும் நேரம் கணவர் வந்து வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாங்க."

"வேணாம். மேலெல்லாம் பொகை." தரையைப் பார்த்தபடி சொன்னார்: "மொத நெருப்ப நாந்தான் வச்சேன்."

எனக்குக் கோபம் பொங்கியது. அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

டாக்டர் விட்டதும் வீட்டுக்கு வந்தோம். மறுநாள் காலை அக்காவின் கொல்லை அடுப்பு எரியவில்லை. கேட்டதற்கு, "ரொட்டி வாங்கிப் பசியாறிட்டோம். புள்ள வந்துருக்கான்லா, இன்னிக்கி ஒரு நாளைக்கிப் பொகை வேணாம்" என்றார். அவருக்குப் பின்னால், கண்ணுக்கு எட்டிய மட்டும், அடிக்கட்டைகள் இன்னும் புகைந்துகொண்டிருந்தன.

அரைகுறையாக வெந்த கட்டைகளைப் புரட்டிவிட்டு முழுக்க எரிய வைப்பது கணவருக்கு அன்றைய வேலை. கேஸ் அடுப்பில், ஒரு பொட்டுப் புகையில்லாமல் ஆக்கிய சோற்றைக் கட்டிக் கொடுத்தேன். வாசற்படியில் உட்கார்ந்து அவர் பூட்ஸ் மாட்டும்போது பையன் கேட்டான்.

"அப்பா எங்க போறாரு?"

"நெருப்ப அணைக்கப் போறாரு" என்றேன்.

அவர் கை ஒரு கணம் நின்றது. பிறகு கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் எழுந்து போனார்.