படிக்கட்டில் ஒரு தொலைபேசி

அந்தப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் மைக் டீச்சர். காலையில் அவள் வரிசை கட்டச் சொன்னால், இரண்டு தெரு தள்ளிப் போகிற பேருந்தும் ஒதுங்கி வரிசையில் நிற்குமாம். பார்த்ததாகச் சத்தியம் செய்யவும் ஆள் இருந்தது.

அப்பேர்ப்பட்ட குரல் கணவரிடம் தொலைபேசியில் பேசும்போது மட்டும் அடங்கி ஒடுங்கிவிடும். அவருக்குச் சரக்குக் கப்பலில் இயந்திர அறை வேலை. வீட்டில் தொலைபேசி கிடையாது. எனவே கப்பல் ஏதாவது துறைமுகத்தைத் தொட்டால், மதிய இடைவேளை பார்த்துப் பள்ளிக்கூடத்துக்குத்தான் கூப்பிடுவார். கிளார்க்கம்மா உடனே வெளியே வேலையிருப்பதாகச் சொல்லி எழுந்து போய், கதவுக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு வார்த்தை விடாமல் கேட்பாள். கேட்டு ஏமாந்துபோவாள். சாப்பிட்டீங்களா, முதுகுவலி எப்படி இருக்கு, இவ்வளவுதான் பேச்சு. இதற்கா இந்த அம்மாள் மாதக்கணக்கில் அந்தக் கருவியையே பார்த்து ஏங்கினாள்? இதற்குத்தான்.

வெள்ளிக்கிழமை கரை தொடுவோம் என்று போன தடவை சொல்லியிருந்தார். அதை விட்டால் நீண்ட கடல். அடுத்த துறைமுகம் எப்போது என்று கேப்டனுக்கே தெரியாது.

வெள்ளிக்கிழமை வந்தது. கூடவே ஆறும் வந்தது.

முதல் பாடம் முடிவதற்குள் கரை உடைந்து, தண்ணீர் யாருடைய அனுமதியும் கேட்காமல் கேட்டைத் தள்ளிக்கொண்டு நுழைந்தது. டீச்சர் பதறவில்லை, பதறியிருந்தாலும் வெளியே தெரியவில்லை. பெரிய வகுப்புப் பிள்ளை ஒவ்வொருவர் கையிலும் ஒரு சின்னதைப் பிடித்துக்கொடுத்து மாடிக்கு ஏற்றினாள். குடிதண்ணீர், பிஸ்கட் டின், முதலுதவிப் பெட்டி எல்லாம் மேலே போயின. ஜன்னல் பக்கம் யாரும் போகாதபடி பெஞ்சுகளைக் குறுக்கே போட்டாள். அழத் தொடங்கிய ஒன்றாம் வகுப்பை வாய்ப்பாடு சொல்ல வைத்தாள். அழுகிற வாய்க்கு வேறு வேலை கொடுத்துவிட வேண்டும் என்பது அவள் கட்சி. எல்லாரும் வந்தாயிற்றா என்று தலை எண்ணிப் பார்த்த பிறகு தொலைபேசியைத் தூக்கினாள். வயர் பாதி மாடிப்படி வரைக்கும்தான் எட்டியது. அங்கேயே அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

ஊரே கூப்பிட்டது. பாலத்தை மூடியாயிற்று, யாரும் வர வழியில்லை. ஒரு தாய் அழுது முடிப்பதற்குள் இன்னும் பல தாய்மார் லைன் கிடைக்காமல் தவிப்பார்கள். அதனால் எல்லாருக்கும் ஒரே பதிலைத் தயார் செய்துகொண்டாள்.

"உங்க பிள்ளை பத்திரமா இருக்கு. சாப்பிட்டாச்சு. தண்ணி வடிஞ்சதும் வந்து கூட்டிட்டுப் போங்க. வைங்க."

மதியத்துக்குள் அது தானாக ஓடத் தொடங்கியது. மணி அடிக்கும், கை எடுக்கும், வாய் சொல்லும், கை வைக்கும். அப்படி ஒருமுறை வாய் சொல்லி முடித்ததும், அந்தப் பக்கம் ஓர் ஆண்குரல் சற்றுத் தயங்கி, "அப்படியா? ரொம்ப சந்தோஷம் டீச்சர்" என்றது. கை வைத்துவிட்டது.

வைத்த பிறகுதான் காது விழித்துக்கொண்டது.

கூப்பிட்டது டீச்சரின் கணவர் என்று தெரிந்ததும் கிளார்க்கம்மா சிரித்தாள். சிரிப்பைப் பாதியிலேயே விழுங்கினாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தப் பேச்சையே இருவரும் எடுக்காமல் பல வருஷம் ஓடியிருந்தது.

"திரும்பக் கூப்பிடுவாரு, இருங்க."

"லைன் எங்க கிடைக்கும்? ஊரே இதுல தொங்கிட்டு இருக்கு."

மறுபடி அடித்தது. பாய்ந்து எடுத்தாள். யாரோ ஒரு சித்தி. அதன்பின் ஒவ்வொரு மணிக்கும் அவள் நெஞ்சு மாடிக்கு ஓடி இறங்கி வந்தது. குரல் மட்டும் இடறவில்லை.

சாயங்காலம் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியது. பெற்றவர்கள் லாரியிலும் படகிலும் வந்தார்கள். ஒரு தாத்தா வாசல் கதவைக் கழற்றி மிதக்கவிட்டு அதன் மேல் வந்து இறங்கினார். மாடி காலியானது. முன்பல் இல்லாத ஒரு சின்னப் பெண் மட்டும் மிச்சம். அவள் வீட்டிலிருந்து காலை முதல் ஓர் அழைப்பும் இல்லை. டீச்சருக்குக் கீழ்ப்படியில் வந்து உட்கார்ந்தாள். இப்போது அந்தக் கருவியை இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடித்தது.

"நம்ம பிள்ளை என்ன சாப்பிட்டுச்சு டீச்சர்?"

பேருந்தை நிறுத்திய குரல் எங்கே போய் ஒளிந்துகொண்டதோ. "பிஸ்கட்" என்று மட்டும் வந்தது.

"யாரு மாதிரி இருக்கு?"

"உங்கள மாதிரிதான். சொன்னா காதுல வாங்காது."

அவர் சிரித்தார். பிறகு வெறும் இரைச்சல், கடலா கம்பியா தெரியவில்லை. துறைமுகத் தொலைபேசிக்கு மதியத்திலிருந்து வரிசையில் நிற்கிறாராம். லைன் கிடைக்காத ஒவ்வொரு முறையும் மறுபடி கடைசிக்குப் போய் நின்றாராம். கப்பல் கிளம்ப இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது, அதுவரைக்கும் பேசலாம் என்றார்.

அவளுக்குக் கேட்க எவ்வளவோ இருந்தது. தைத்து அனுப்பிய சட்டை பொருந்தியதா? எப்போது ஒரேயடியாக வீட்டுக்கு வருவீர்கள்? அதை ஒருநாளும் கேட்டதில்லை. இன்று கேட்டுவிடலாம் போலிருந்தது.

சின்னப் பெண் ரிசீவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஓர் அதட்டலாவது போட்டிருக்கலாம்.

"ஏங்க, இங்க ஒரு பிள்ளை மிச்சம் இருக்கு. அவங்க வீட்டுல கூப்பிட்டா லைன் கிடைக்காது."

"ம்."

"வைக்கணும்."

"என்னால ஆகாது. நீயே வை."

இந்த முறை கை தானாக வைக்கவில்லை. அவள்தான் வைத்தாள்.

கருவி சும்மா கிடந்தது. வெகுநேரம் கிடந்தது. கிளார்க்கம்மா மேலே அடுக்கிய பெஞ்சுகளையே திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தாள். வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது அடித்தது. சின்னப் பெண்ணின் அப்பா. கூரை மேலிருந்து இப்போதுதான் இறக்கிவிட்டார்களாம்; அவருக்கு மூச்சு வாங்கியது. டீச்சர் பதில் எதுவும் சொல்லாமல் ரிசீவரைப் பிள்ளையிடம் கொடுத்தாள்.

பிள்ளை முதலில் "ம்" என்றது. பிறகு "ம்ம்". பிறகு காலையில் பல் விழுந்தது, அது தண்ணீரோடு போனது, யார் யார் அழுதார்கள் என்று கதை நீண்டது.

கிளார்க்கம்மா குனிந்து மெல்லச் சொன்னாள்: "முடிக்கச் சொல்லுங்க டீச்சர். கப்பல் இன்னும் கிளம்பியிருக்காது."

"பேசட்டும்" என்றாள் டீச்சர்.