ராயபுரத்தில் நோன்பு திறந்த கிறிஸ்துமஸ்

1967 டிசம்பர் 24, ஞாயிறு. ராத்திரி ரயிலில் திருச்சியை விட்டுக் கிளம்பி விடியற்காலை எழும்பூரில் இறங்கினேன். பண்டிகைக்கு ஊருக்குப் போகிறவர்கள் மூட்டை முடிச்சோடு பட்டணத்தை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் எதிர்த்திசை. என் அண்ணன் அந்தோணி ராயபுரத்தில் இருக்கிறார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். ஜூலையில் லூர்து அண்ணி காலமானார். இப்போது அண்ணனுக்கு மஞ்சள் காமாலை. சாப்பிட மறுக்கிறார், உடனே வரவும் என்று அவரோடு வேலை பார்க்கும் காதர் தந்தி அடித்திருந்தார்.

கடற்கரை ஸ்டேஷன் வரை மின்சார ரயில். அங்கிருந்து ராயபுரம் இரண்டு மைல். சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் ஒரு ரூபாய் கேட்டார்; பேரம் பேசத் தெம்பில்லை. வலப்பக்கம் முழுக்கத் துறைமுகத்துச் சுவர், அதற்கு மேலே கிரேன்களின் தலை. காற்றில் நிலக்கரித் தூளும் கருவாட்டு வாசனையும். இந்த ஊருக்கு வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வந்தேனே, என் புத்தியை என்ன சொல்ல. யார் வீட்டுக்கு என்று ரிக்‌ஷாக்காரர் விசாரித்தார்.

"கிரேன் அந்தோணி வூடா? அந்தம்மா பூட்டதுலேந்து மன்சன் ஆளே சரியா இல்லம்மா. நீ வந்தது நல்லதாப் போச்சு."

கொஞ்சம் வேகமாக மிதிக்கச் சொன்னேன்.

தெருவில் எல்லா வாசலிலும் காகித நட்சத்திரம். அண்ணன் வீட்டு வாசலில் மட்டும் நட்சத்திரம் இல்லை. துக்கம் நடந்த வீட்டில் முதல் கிறிஸ்துமஸுக்கு எண்ணெய்ச் சட்டி ஏற்ற மாட்டார்கள். பலகாரம் அக்கம்பக்கத்தார்தான் கொடுத்தனுப்ப வேண்டும். அனுப்பினார்கள், காலையிலிருந்தே. மேசை, அலமாரி, பெட்டி மேல், எங்கே பார்த்தாலும் முறுக்கும் அதிரசமும் சோமாசியும். காமாலைக்காரர் எண்ணெய்ப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொன்னது தெருவுக்கே தெரியும். இருந்தாலும் துக்க வீட்டுக்கு அனுப்பாமல் இருக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. வந்தவர்களிடம் சிரித்துச் சிரித்து வாங்கி வைத்ததில் எனக்குத் தாடை வலித்தது.

அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கண் இரண்டும் மஞ்சள். ஈரல் தேறிவிடும், ஆனால் உள்ளே ஏதாவது போனால்தான் தேறும் என்பது டாக்டரின் பேச்சு. மோர்ச்சோறு குழையப் பிசைந்து கொண்டுபோனேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டார். இளநீருக்கும் அதே பதில். கெஞ்சிப் பார்த்தேன், வகுப்பில் பிள்ளைகளை அதட்டுவதுபோல அதட்டியும் பார்த்தேன். வருஷம் திரும்புவதற்குள் இவரையும் அதே கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கிப்போக வேண்டியிருக்குமோ என்று பயந்துபோனேன்.

சாயங்காலம் காதர் வந்தார். ரமலான் மாதம் அது. மசூதியிலிருந்து தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி கொண்டுவந்திருந்தார். எண்ணெய் மிதக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன், இல்லை. என்னிடம் இரண்டு கிண்ணம் கேட்டு வாங்கி, கட்டிலருகே தரையில் உட்கார்ந்து ஊற்றினார். பாங்கு கேட்டது. அவர் கிண்ணத்தைத் தொடவில்லை.

"இன்னாடா பாத்துகினு கீற? நோன்பத் தொற," என்றார் அண்ணன். அன்று அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு.

"நானும் காலைலேந்து துன்னல, நீயும் துன்னல. ஒண்ணாத் தொறக்கலாம்," என்றார் காதர்.

"பாங்கு சொன்னப்பொறம் சும்மா குந்திகினு இருக்கக் கூடாதுடா. பேஜார் பண்ணாத."

"அப்ப நீ குடி."

காதரோடு வருஷக்கணக்காக வேலை பார்த்த அண்ணனுக்கு நோன்பின் முறை தெரியாதா? காதரின் உதடு வறண்டிருந்தது. அண்ணன் அதையே பார்த்தார். பிறகு மெல்ல எழுந்து உட்கார்ந்து, கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கி ஒரு வாய் குடித்தார். அதைப் பார்த்த பிறகுதான் காதர் பிஸ்மில்லா சொல்லித் தன் கிண்ணத்தை எடுத்தார். பாதியில் நிறுத்தி, "உப்பு கம்மி," என்றார் அண்ணன். அடுக்களைக்கு ஓடினேன். அவசரத்தில் பாதி உப்பு தரையில் கொட்டியது. அத்தனை சந்தோஷம் எனக்கு.

டிசம்பர் 25. பூசை முடிந்ததும் கீழாநெல்லி தேடி எண்ணூருக்குப் பஸ் ஏறினேன். எட்டு மைல். திருவொற்றியூர் தாண்டினால் ஒரு பக்கம் புகைபோக்கிகள், மறுபக்கம் கட்டுமரங்கள். கழிமுகத்தை ஒட்டி அனல் மின் நிலையத்துக்கு இரும்புச் சாரம் எழும்பிக்கொண்டிருந்தது. மீனவர் குப்பத்தில் ஒரு அம்மாள் தன் வீட்டுப் பின்புறம் மண்டிக் கிடந்த கீழாநெல்லியை மடி நிறையப் பறித்துத் தந்தாள். காசை நீட்டினேன். பண்டிகை நாளில் மருந்துக்குக் காசு வாங்குவதா என்று கோபித்துக்கொண்டாள். கைப்பையில் இருந்த முறுக்குப் பொட்டலத்தைக் கொடுத்தேன். ஒரு பொட்டலமாவது வீட்டை விட்டுக் கழிந்தது.

டிசம்பர் 30. அண்ணன் தெருமுனை வரை நடந்துவந்து வழியனுப்பினார். கண்ணில் மஞ்சள் இன்னும் ஓரமாக இருந்தது. அத்தனை அதிரசத்தையும் நான் தன் கண்ணெதிரே காதருக்குக் கட்டிக் கொடுத்துவிட்டேன் என்று குறைப்பட்டுக்கொண்டார். பசிக்கிற மனிதரின் குறை. காதுக்கு இனிமையாக இருந்தது.

எழும்பூரில் பகல் ரயில். லூர்து எனக்கு அண்ணி மட்டுமல்ல, ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். ஜூலையில் அடக்கத்துக்கு வந்தபோது அண்ணனைத் தாங்கிப் பிடிப்பதே எனக்கு வேலையாகப் போயிற்று. இனி அவரைப் பற்றிப் பயமில்லை. தாம்பரம் தாண்டியதும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, செங்கற்பட்டு வரைக்கும் லூர்துக்காக அழுதேன்.