கல்லாங்குத்து செல்லியம்மா

பாலசமுத்திரத்துக்குத் தெற்கே, ஊர் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில், ஒரு ஏக்கருக்குக் குறையாத பாறை, மண்ணை விலக்கிவிட்டு வெளியே வந்து படுத்திருக்கிறது. மலை என்று சொல்ல உயரம் போதாது. பூமிக்கு அங்கே மட்டும் தோல் உரிந்து எலும்பு தெரிகிறது என்று வைத்துக்கொள்ளலாம். தாலுகா ஆபீஸ் அதற்குக் கல்லாங்குத்து என்று பேர் வைத்து, எதற்கும் உதவாதவற்றின் பட்டியலில் சேர்த்திருந்தது. ஊரில் தெலுங்கைத் தொட்டுக்கொண்டு ‘பண்ட’ என்பார்கள். செல்லியம்மாவுக்கு அது களம்.

நிலமில்லாதவர்கள் கூலியாக வாங்கி வரும் கேழ்வரகுக் கதிரை அடிக்க, நிலமுள்ளவர்களின் களத்தில் இடம் கிடையாது. பாறை யாரிடமும் சாதி கேட்டதில்லை. பத்து மணிக்கே சூடேறி, ஒரு பகலில் கதிரைக் காயவைத்துவிடும். பதினெட்டுக் குடும்பங்களின் கூழ் அதன் வழியாகத்தான் அடுப்புக்குப் போனது. எந்த மூலை முதலில் காயும், தூறல் விழுந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதெல்லாம் செல்லியம்மாவின் பாதத்துக்குத் தெரியும். யார் எங்கே பரப்புவது என்று சண்டை வந்தால் அவள் சொன்னதுதான் தீர்ப்பு.

ஆந்திர ராஜ்யம் பிறந்து சில வருஷம் போனதும், எந்த ஊர் இந்தப் பக்கம், எது அந்தப் பக்கம் என்று பெரிய இடத்தில் பேசி முடித்து, எல்லைக் கல் நட ஆட்கள் வரப்போவதாகச் சேதி வந்தது. எல்லோரும் மொழியைப் பற்றிக் கவலைப்பட்டபோது, முப்பது ஏக்கர்க்காரரான ஏகாம்பரம் பாறையைப் பற்றிக் கவலைப்பட்டார். அதை வயலாக்கிக் காட்டிவிட்டால் புது ரெக்கார்டில் தம் பேருக்கு ஏறிவிடும் என்பது அவருடைய ஆராய்ச்சி. இரண்டு மாதம் முன்பே ஏரி மண்ணைக் கொட்டிக் கொள்ளு விதைத்தார். மூளைக்காரர்தான். ஒரு பிசகு: மண் சுமக்கச் செல்லியம்மாவின் ஆட்களையே கூப்பிட்டார்.

அவள் மாட்டேன் என்று சொல்லவில்லை. சொன்னால் பக்கத்து ஊர்க்காரன் சுமப்பான். மண்ணைப் பரப்புகிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, நாலு விரல் கனத்துக்கு மேல் எங்கும் நிற்காமல் பார்த்துக்கொண்டாள்.

சர்வேயர் வந்தார். சங்கிலி பிடித்துப் பார்த்ததில் எல்லைக்கோடு சரியாகக் கொள்ளு வயலின் நடுவே போனது. ஏகாம்பரம் இளநீர் வெட்டிக் கொடுத்து, பாட்டன் காலத்து நிலம் என்றார். கல் நடக் குழி தோண்ட வந்தவன் செல்லியம்மாவின் மச்சான் கங்கையா. கடப்பாரையைப் போட்டான், ணங்கென்றது. தள்ளித் தோண்டச் சொன்னார் ஏகாம்பரம். அங்கேயும் ணங். கல் இல்லாத நிலம் எங்கே இருக்கிறது என்று ஏகாம்பரம் சிரித்தார். வெயில் தாங்காத சர்வேயர், கல்லை வரப்போரம் நட்டுக்கொள்ளலாம், வயல் என்றே எழுதிவிடலாம் என்று நோட்டைத் திறந்தார்.

செல்லியம்மா களம் கூட்டுகிற ஈச்சந் துடைப்பத்தோடு வந்து நின்றாள்.

“எழுதறதுக்கு முன்ன கொஞ்சம் நெழல்ல குந்துங்க ஐயா. இந்த வயலைக் கூட்டிட்டு வந்துடறேன்.”

கூட்டினாள். கொள்ளுச் செடி மண்ணோடு சுருண்டு வந்தது. மற்றப் பெண்களும் துடைப்பத்தோடு இறங்கினார்கள்.

“ஏய் செல்லி, இன்னாடி பண்ற? வெளைஞ்சிகினு இருக்கிற பயிரு” என்றார் ஏகாம்பரம்.

“பயிருன்னா வேரு புடிச்சிகினு நிக்கணுமே ஐயா. தொடப்பத்தோட வருதே.”

முப்பது வருஷ சர்வீஸில் ஒரு வயலைப் பெருக்கி ஒதுக்கியதை சர்வேயர் பார்த்ததில்லை. வெறும் பாறை பளபளத்தபோது அவர் எழுந்தே நின்றுவிட்டார். இதற்கு என்ன பேர் எழுதுவது என்று தெலுங்கில் கேட்டார்.

“அந்தப் பக்கம் போனா பண்ட, இந்தப் பக்கம் போனா பாறை. எதுனா எழுதிக்குங்க ஐயா. எங்க கேவுரு காயணும், அவ்ளோதான்.”

கல்லாங்குத்து, ஊர்ப் பொது என்று எழுதினார். கல் நட வழியில்லாததால், கோடு போகிற இடத்தில் பாறையிலேயே உளியால் ஒரு கூட்டல் குறி வெட்டச் சொன்னார். ஓரத்தில் குவிந்த மண்ணை அன்றைக்கே திரும்ப அள்ளிப்போக ஏகாம்பரத்துக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. செல்லியம்மாவே இரண்டாம் தரமும் கூலி வாங்கினாள்.

அந்த அறுவடையிலிருந்து அவள் இரண்டு ராஜ்யத்துக்கும் சேர்த்துக் கேழ்வரகு காயவைத்தாள். வெட்டின குறிக்குள் மணிகள் இறங்கிவிடும். சாயங்காலம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எல்லைக்குள் விரலை விட்டு ஒவ்வொன்றாய் நிமிண்டி எடுத்து முறத்தில் போட்டுக்கொள்வாள்.