மூன்றாவது கறிவேப்பிலைக் கன்று

அம்மாவின் கணக்கில் ஓசூருக்கு மூன்றே பருவங்கள். குளிர் வரப்போகும் காலம், குளிர் அடிக்கும் காலம், குளிர் இப்போதுதான் போன காலம். சாத்தூர் வெயிலில் பிறந்து வளர்ந்தவள், அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்ட பாவத்துக்காக இந்த மலைக்காற்றில் வந்து விழுந்துவிட்டதாக நினைத்தாள். அப்பாவுக்கு இங்கே மோட்டார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. ஆடியில் காற்று வீசினால் அப்பாவைத் திட்டுவாள். ஐப்பசித் தூறலில் துணி காயாவிட்டாலும் அப்பாவைத்தான் திட்டுவாள். மார்கழியில் திட்டுவதற்கு வாயைத் திறந்தால் பல் தந்தியடிக்கும். அந்த ஒரு மாதம் அப்பா சற்று நிம்மதியாக இருப்பார்.

அவளுக்கென்று அப்பா வாங்கிவந்த ஸ்வெட்டர் பிரிக்காத கவரோடு பீரோவில் கிடந்தது. அதைப் போட்டுக்கொண்டால் குளிரிடம் தோற்றுப்போனதாகிவிடுமாம். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மூக்கு சிவக்க வாசல் பெருக்குவாளே தவிர, ஸ்வெட்டரைத் தொடமாட்டாள். அப்படி ஒரு பிடிவாதம். அதில் பாதி எனக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

எங்கள் வீடு ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாக இருந்த மூன்று வாடகை வீடுகளில் நடுவீடு. வீட்டுக்கார அம்மா மாடியில் இருந்தார். வீட்டில் தெலுங்கு, காய்காரரிடம் கன்னடம், எங்களிடம் தமிழ் என்று மூன்றையும் ஒரே மூச்சில் பேசுவார். கீழே எல்லா இடமும் சிமெண்ட் போட்டிருந்தது. காம்பவுண்டின் பின்மூலையில் மட்டும் கொஞ்சம் மண் விட்டிருந்தார்கள். அதில் வீட்டுக்கார அம்மாவின் கறிவேப்பிலை மரம் ஓங்கி நின்றது. யார் கேட்டாலும் நாலு ஈர்க்கு சேர்த்தே ஒடித்துக் கொடுப்பார்.

அந்தத் தாராளம்தான் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. தாளிக்க எண்ணெய் காயும்போது அடுத்தவர் மரத்தடியில் போய் நிற்பது அவளுக்கு மானக்கேடு. தவிர, அந்த இலையில் வாசமே இல்லை என்பாள். அது கறிவேப்பிலையே இல்லை, வேப்பிலைக்கு ஏதோ தூரத்துச் சொந்தம் என்பாள். ஆகவே ஒவ்வொரு சித்திரை விடுமுறையிலும் ஊரிலிருந்து ஒரு பக்கக்கன்றைத் தோண்டி, ஈரச்சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வருவாள். ஜன்னலோரம் கன்றுக்கு. நடுவில்தான் எனக்கு இடம்.

அப்பா கொண்டுவந்த சின்ன நீல நிற ஆயில் டிரம்மைப் பாதியாக அறுத்து, அதில் கன்றை நட்டாள். காலையில் அரிசி கழுவிய தண்ணீர். சாயங்காலம் ஒரு குடம் நல்ல தண்ணீர். வாரம் தவறாமல் புளித்த மோர். சாத்தூரில் செடிக்குத் தண்ணீர் விடுவது வெயிலோடு போட்டி போடுகிற காரியம். ஒரு வேளை மறந்தாலும் வெயில் ஜெயித்துவிடும். அந்தப் பழக்கம் கையோடு வந்திருந்தது. மழையிலும் ஊற்றினாள், பனியிலும் ஊற்றினாள். முதல் கன்று மார்கழியில் இலையெல்லாம் கொட்டி, தையில் தூரோடு கையில் வந்தது. அப்பா நல்ல செம்மண் கொண்டுவரவில்லை என்று முடிவானது. இரண்டாவது கன்றும் அதேபோல் போனது. வீட்டுக்கார அம்மாவின் கண் பட்டுவிட்டது என்று முடிவானது. அவர் பாவம், எட்டிப் பார்த்து, "எந்நேரமும் தண்ணி ஊத்தினா அது எங்க வரும்? எங்க மரத்துலயே கிள்ளிக்கம்மா, நானு வேணாம்னா சொன்னேன்?" என்று ஒரு வார்த்தைதான் சொல்லியிருந்தார்.

மூன்றாவது கன்று வந்த வருடம் நான் ஐந்தாம் வகுப்பு. புரட்டாசி வரை கன்று தளதளவென்று நின்றது. ஐப்பசியில் முதல் இலை பழுத்த அன்று, நேரம் பார்க்காமல் அப்பா ஒரு பேச்சை எடுத்தார். தொழிற்சாலையில் கூட வேலை செய்பவர்களெல்லாம் ஊருக்கு வெளியே மனை, ஓசூர்ப் பேச்சில் சைட்டு, வாங்குகிறார்களாம். நாமும் ஒன்று பார்க்கலாமா என்றார். அம்மா என்னைப் பார்த்துப் பேசத் தொடங்கினாள். கோபம் வந்தால் அப்பாவிடம் நேராகப் பேசமாட்டாள், நான்தான் தபால்காரி.

"உங்கப்பாட்ட சொல்லு. இந்தச் செடி மார்கழியத் தாண்டி பங்குனியில துளுத்துச்சுன்னா நான் இந்த ஊர்ல இருக்கேன். இல்லன்னா முழுப்பரிச்ச முடிஞ்சதும் புள்ளையக் கூட்டிட்டு சாத்தூர் போயிருவேன். அவரு மெஸ்ல சாப்பிட்டுக்கிடட்டும்."

அப்பா சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். அம்மா சிரிக்கவில்லை. எனக்கு ஊரைவிட்டுப் போக மனமில்லை. பள்ளிக்கூடத்தில் அந்த வருடம்தான் என்னை கோ-கோ அணியில் சேர்த்திருந்தார்கள். மேலும் நான் அதற்குள் மூன்று மொழிகளில் சண்டை போடக் கற்றிருந்தேன். சாத்தூருக்குப் போனால் அதில் இரண்டு வீணாகிவிடும். அந்தச் செடியை எப்படியாவது பிழைக்கவைத்துவிடுவது என்று அன்றே தீர்மானம் செய்துகொண்டேன்.

கார்த்திகையில் அம்மா வேலைக்குப் போகத் தொடங்கினாள். தளி ரோட்டில் பிளாஸ்டிக் கூரை போட்ட ரோஜாப் பண்ணைகள் நிறைய இருந்தன. அதில் ஒன்றின் ஷெட்டில் பூக்களைத் தரம் பிரித்துக் கட்டும் வேலை. வீட்டுக்கார அம்மாதான் சொல்லி அனுப்பினார். ஊருக்குச் சாமான்களை ஏற்றிக்கொண்டு போகிற செலவுக்கு ஆகும் என்று அம்மா சொல்லிக்கொண்டாள். காலையில் வேன் வந்து நிற்கும். முதல் வாரமே பீரோவிலிருந்த ஸ்வெட்டர் கவரைவிட்டு வெளியே வந்தது. பூக்களை வைக்கிற குளிர் அறைக்குள் போகவேண்டியிருக்கிறது, வேறு வழியில்லை என்றாள். சாயங்காலம் வேனிலிருந்து இறங்கும்போது உள்ளே இருப்பவர்களிடம் என்னவோ தெலுங்கில் சொல்லிவிட்டு இறங்குவாள். வேன் முழுவதும் சிரிப்பு கேட்கும். வாசற்படி ஏறுவதற்குள் முகத்தைப் பழையபடி உம்மென்று வைத்துக்கொள்வாள்.

மார்கழி வந்தது. கறிவேப்பிலை ஒவ்வொரு ஈர்க்காக உதிர்த்து, கடைசியில் டிரம்மில் ஒரு குச்சி மட்டும் நின்றது. அப்போதுதான் நான் அதைப் பார்த்தேன். அரிசி கழுவிய தண்ணீரை அம்மா செடிக்கு ஊற்றாமல் சாக்கடையில் கொட்டினாள்.

மறுநாளும் கொட்டினாள். சாயங்காலக் குடமும் இல்லை, மோரும் இல்லை. கேட்டதற்கு, "அது பாட்டுக்கு இருக்கட்டும். நீ கிட்டப் போகாத" என்றாள். எனக்கு விளங்கிவிட்டது. செடி செத்தால்தானே ஊருக்குப் போகலாம்? அதனால் பட்டினி போட்டுக் கொல்கிறாள். பெற்ற தாயைப் பற்றி அப்படி நினைக்க வேதனையாகத்தான் இருந்தது. ஆனாலும் நினைத்தேன்.

அப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர் குச்சியை ஒருமுறை பார்த்துவிட்டு, "போனாப் போவுது, விடுடா" என்றார். அவர் என்னை 'டா' போட்டுப் பேசினால் மனசு சரியில்லை என்று அர்த்தம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பழகிப் பார்க்கலாமென்று மெஸ்ஸுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். வந்ததும் தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.

இனி நம் கையில்தான் இருக்கிறது என்று களத்தில் இறங்கினேன். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும் வாட்டர் பாட்டிலில் குடிக்காமல் மிச்சம் வைத்து, சாயங்காலம் வேன் வருவதற்குள் செடிக்கு ஊற்றினேன். இரண்டாம் நாளே அம்மா மண்ணைத் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள். டிரம்மைச் சுற்றி ஒரு கோணிச்சாக்கைக் கட்டினாள். அப்படியே தூக்கிக்கொண்டுபோய் மாடிப்படியின் மேல்வளைவில், கைப்பிடிச் சுவரின் உச்சியில் வைத்துவிட்டாள். நாள் முழுக்க வெயில் விழும் இடம் அது. எனக்கு எட்டாத இடம் என்பதுதான் என் கண்ணில் பட்டது. சாக்குச் சுற்றியதைப் பார்த்தபோது, பாடை கட்டியாயிற்று என்று அழுகை வந்தது.

நானா விடுவேன்? குளியலறைக் கப்பில் தண்ணீர் மொண்டு, கீழ்ப்படியில் நின்று மேலே வீசினேன். போன தண்ணீரில் முக்கால்வாசி என் தலையிலேயே திரும்ப விழுந்தது. மறுபடி வீசினேன். தையில் பனி விட்டிருக்கவில்லை. மூன்று நாள் காய்ச்சலில் படுத்தேன். கோ-கோ போட்டிக்கு வேறொருத்தியை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். அம்மா வேலைக்கு லீவு போட்டு, மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "அது தூங்குதுடி. தூங்குறத எழுப்பித் தண்ணி குடுக்கப் போறியாக்கும்" என்றாள். செத்தவர்களைப் பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும். இன்னும் அதிகமாக அழுதேன்.

மாசி பிறக்கும் முன்பாக ரோஜா ஷெட்டில் வேலை நெருக்கியது. உலகத்திலுள்ள காதலர்களெல்லாம் ஒரே நாளில் ஒருவருக்கொருவர் ரோஜா கொடுப்பார்களாம். அதற்காக அம்மா இருட்டும்வரை நின்று கட்டினாள். ஏற்றுமதிக்கு ஆகாதென்று ஒதுக்கிய, கழுத்து வளைந்த பூக்களைக் கொண்டுவந்து சொம்பில் வைத்தாள். அப்பா அதைப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா, பல்லியைப் பார்ப்பதுபோல் சுவரைப் பார்த்தாள்.

அந்த மாதமெல்லாம் தினமும் காலையில் அவள் மாடிப்படி ஏறுவாள். குச்சியின் பட்டையை நகத்தால் லேசாகக் கீறிப் பார்ப்பாள். பிறகு இறங்கி வேனுக்கு ஓடுவாள். செத்துவிட்டதா என்று சோதிக்கிறாள் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு பார்ப்பேன். இவ்வளவு வேலைக்கு நடுவிலும் இந்தச் செடியைக் கொல்வதில் ஒரு பெண்ணுக்கு இத்தனை அக்கறையா என்று இருக்கும்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வெயில் சுள்ளென்று அடித்தது. அம்மா டிரம்மைக் கீழே இறக்கிக்கொண்டு வந்து குழாயடியில் வைத்தாள். சாக்கை அவிழ்த்தாள். "உங்கப்பாவக் கூப்பிடு" என்றாள். குரலில் ஒன்றும் தெரியவில்லை. அப்பா பனியனோடு வந்தார், முகத்தைப் பார்த்தால் சாவு வீட்டுக்கு வருகிறவர் மாதிரி இருந்தது.

குச்சியின் அடியில், மண்ணை ஒட்டி, மூன்று துளிர்கள். எண்ணெய் தடவியதுபோல் செம்பச்சையில் மினுங்கின. நான் போட்ட சத்தத்தில் வீட்டுக்கார அம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். அப்பா துளிரையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மா இரண்டு கையாலும் முந்தானையை இறுக்கிக்கொண்டு, இந்த முறை நேராக அவரிடமே சொன்னாள்.

"என்ன செய்ய? துளுத்துருச்சு. சொன்ன சொல்லு சொன்னதுதான். இங்கனயே கிடக்க வேண்டியதுதான் போல."

சொல்லிவிட்டுச் சட்டென்று திரும்பிக்கொண்டு ஒரு சொம்புத் தண்ணீர் பிடித்தாள். அத்தனை நாளுக்குப் பிறகு அவள் கையால் அந்தச் செடிக்கு விழுந்த முதல் தண்ணீர். ஊற்றும்போது அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்ததைப் பார்த்தேன். என் சந்தோஷமெல்லாம் வடிந்துவிட்டது. நான் ஜெயித்தேன், அவள் தோற்றுவிட்டாள். ஊருக்குப் போகமுடியாமல் அழுகிறாள். எவ்வளவு பெரிய கோபமும் அம்மாவின் கண்ணீரைப் பார்த்தால் நிற்காது, எனக்கும் நிற்கவில்லை. ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

"அழாதம்மா. அடுத்த மார்கழியில இது கண்டிப்பா செத்துப்போயிரும்" என்று தேற்றினேன்.

முதுகில் பொளேரென்று ஓர் அடி விழுந்தது.

"துளுத்து நிக்கிற பச்சப்புள்ளயப் பாத்துச் சாகும்ங்கிறியே, வாயக் கழுவுடி!"

ஒன்றும் புரியாமல் விக்கி விக்கி அழுதேன். அப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரசம் தாளிக்கவேண்டும், இந்தத் துளிரைத் தொடக்கூடாது, மேலே போய் நாலு ஈர்க்கு வாங்கிக்கொண்டு வா என்று என்னை அனுப்பினாள். வீட்டுக்கார அம்மாவிடம் வாங்கிவரச் சொல்லி அவள் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவர் இறங்கிவந்து மரத்தில் கொப்பை வளைத்தபடியே, ஏன் அழுகிறாய் என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அம்மா பாவம், இனி இந்த ஊரிலேயே இருக்கவேண்டுமாம் என்றேன்.

"உங்கம்மாவா பாவம்?" என்று கொப்பை விட்டுவிட்டுச் சிரித்தார். "போன மாசமே எங்கிட்ட கேட்டுச்சே, தளி ரோட்டுப் பக்கம் சைட்டு ஏதாச்சும் வந்தா சொல்லுங்கன்னு. செடி வெக்க முன்னாடி எடம் உடணும்னு வேற சொல்லிச்சு."

எங்கள் காம்பவுண்டில் இன்னும் இரண்டு குடித்தனங்கள் இருந்தன. அவர்களில் யாரையோ மனதில் வைத்துக்கொண்டு இவர் பேசுகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதையெல்லாம் சொல்லி அவரைத் திருத்திக்கொண்டிருக்க எனக்கு அப்போது தெம்பில்லை. கறிவேப்பிலையை வாங்கிக்கொண்டு, அம்மாவை நினைத்து அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.