நாற்பத்தொரு படிவங்கள்

ரோஸ்மேரிக்கு டீச்சர் என்ற பெயர் மூன்று வருட வேலையில் கிடைத்தது. அந்த வேலை போன பிறகும் அது ஒட்டிக்கொண்டது.

சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம் அவருடையது. பிளஸ் டூ முடித்திருந்ததால், 1997இல் ஒரு தொண்டு நிறுவனம் அனுப்பர்பாளையத்தில் தொடங்கிய சிறப்புப் பள்ளியில் வேலை கிடைத்தது. பனியன் கம்பெனிகளில் டெய்லருக்குத் துணி எடுத்துக் கொடுத்துக்கொண்டும் மடித்து அடுக்கிக்கொண்டும் நின்ற பிள்ளைகளுக்கான பள்ளி அது. ஒன்றரை வருடம் சொல்லிக்கொடுத்து, பிறகு வழக்கமான பள்ளியில் ஆறாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ சேர்த்துவிடுவார்கள். சேர்க்கும் நாளில் ரோஸ்மேரியே ஒவ்வொரு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போவார். தலைமையாசிரியர் பதிவேட்டில் பெயரை எழுதி முடித்ததைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். 2000இல் திட்டம் முடிந்து பள்ளியை மூடினார்கள். அவர் ஒரு கம்பெனியில் செக்கிங் பிரிவுக்குச் சூப்பர்வைசராகப் போனார்.

2008இல் அக்ஷரா அவரைத் தேடி வந்தாள். மடத்துக்குளத்துப் பெண், கோவையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அந்தப் பள்ளியில் படித்த பிள்ளைகள் பத்து வருடம் கழித்து என்ன ஆனார்கள், அதே தெருக்களில் இருந்து பள்ளிக்கு வராத பிள்ளைகள் என்ன ஆனார்கள், இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறதா என்பது அவளுடைய கேள்வி. பழைய பிள்ளைகளின் வீடு தெரிந்தவர் ரோஸ்மேரி ஒருவர்தான். அவர் கம்பெனியில் இரண்டு மாதம் விடுப்புச் சொல்லிவிட்டு வந்தார். உள்ளுக்குள் ஓர் ஆசையும் இருந்தது. தான் செய்த வேலை எங்கேயாவது எழுதப்பட வேண்டும் என்ற ஆசை.

பிள்ளைகள் ஊரெல்லாம் சிதறியிருந்தார்கள். பழைய வீட்டுக்காரரிடம், மளிகைக் கடையில், ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலய வாசலில் என்று விசாரித்து, நான்கு வாரத்தில் நாற்பத்தொரு பேரைக் கண்டுபிடித்தார். ஆராய்ச்சிக்கான கேள்விப் படிவத்தை அவரே நிரப்பினார். போன இடமெல்லாம் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள், காபி வந்தது. ஊருக்குள்ளேயே இருக்கும் ராயபுரத்தில் முனீஸ், இப்போது ஓவர்லாக் டெய்லர், தன் மனைவியைக் கூப்பிட்டு, "இவங்க இல்லேன்னா எனக்குக் கையெழுத்துப் போடவே தெரிஞ்சிருக்காது" என்றான். எதுவரை படித்தாய் என்று கேட்டதற்குப் பத்தாவது என்றான். ரோஸ்மேரி அந்தக் கட்டத்தில் எழுதும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

பத்துப் படிவத்துக்கு ஒன்றை எடுத்து வேறு ஆள் போய் மறுபடி கேட்பது ஆராய்ச்சியில் வழக்கம். அக்ஷரா எடுத்த நான்கில் முனீஸின் படிவமும் இருந்தது. மறுவாரம் வந்து அவள் வெகு நேரம் வேறு ஏதேதோ பேசிக்கொண்டிருந்தாள்.

கடைசியில், "அக்கா, ஒண்ணு சொன்னா வருத்தப்படாதீங்க. முனீஸ் பத்தாவது படிக்கலீங்க. ஆறாவதுல நாலு மாசந்தான் இருந்திருக்காருங்க" என்றாள். மற்ற மூன்றில் இரண்டும் அப்படித்தான் என்றாள்.

 மறுநாள் மாலை ரோஸ்மேரி முனீஸின் கம்பெனி வாசலில் அவனுக்காகக் காத்திருந்தார். அவரைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டபோது, தரையைப் பார்த்தபடி சொன்னான்:

"நீங்க கேள்வி கேட்ட மாதிரியே இல்ல டீச்சர். நான் பாஸாயிட்டேன்னு சொல்லணும்னு எம் முன்னாடி வந்து நின்ன மாதிரி இருந்துச்சு."

பிறகு மெதுவாக மற்றதையும் சொன்னான். ஆறாவதில் சேர்த்துவிட்ட பள்ளியில் அவனைவிட இரண்டு வயது சின்னப் பிள்ளைகளோடு கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பெயருக்குப் பதிலாக பனியன் கம்பெனி என்றுதான் கூப்பிட்டார்கள். ஆங்கிலம் ஒரு வரியும் புரியவில்லை. அவன் கோபமாகச் சொல்லவில்லை. "தெனமும் கேட்டைப் பாப்பேன் டீச்சர். நீங்க ஒரு நா வருவீங்கன்னு."

ரோஸ்மேரி போனதே இல்லை. பதிவேட்டில் பெயர் ஏறியதும் அந்தப் பிள்ளை வெற்றிக் கணக்கில் சேர்ந்துவிடும். அடுத்த பிள்ளைக்காக அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். திட்டம் அப்படி. யாரும் அதைத் தப்பென்று நினைத்ததில்லை, அவரும்தான்.

மறுநாள் காலை நாற்பத்தொரு படிவங்களையும் கட்டி அக்ஷராவின் மேசையில் வைத்தார். எல்லாரிடமும் வேறு ஆளை அனுப்பித் திரும்பக் கேளுங்கள் என்றார். கைவசம் மூன்று வாரம்தான் இருக்கிறது என்று அக்ஷரா தயங்கினாள். "நான் போய் நின்னா பிள்ளைக மரியாதைக்குப் பொய் சொல்லும். அது எனக்குப் பிடிச்சும் இருக்கு. அதான் வேண்டாங்கேன்" என்றார் ரோஸ்மேரி.

அப்படியே செய்தார்கள். பள்ளிக்கு வராத பிள்ளைகளின் பட்டியல் அக்ஷராவுக்காக வீடு வீடாக விசாரித்துக்கொண்டிருந்த சகாயராஜ் என்பவரிடம் இருந்தது. அதை ரோஸ்மேரி வாங்கிக்கொண்டு, தன் பிள்ளைகளை அவரிடம் விட்டார். தெரியாத வீடுகளில் வாசலிலேயே நின்று கேள்வி கேட்டார். சிலர் கதவைச் சாத்தினார்கள். நாகஜோதி என்ற பெண், தன் அப்பா பள்ளிக்கு அனுப்ப மறுத்த கதையைச் சொல்லிவிட்டு, தனித்தேர்வு எழுதி எட்டாவது தேறிய சான்றிதழை எடுத்துக் காட்டினாள். அதையும் உள்ளபடி எழுதிக்கொண்டார்.

அறிக்கை 2009 ஏப்ரலில் வந்தது. அக்ஷரா அதைத் தமிழில் வாசித்துக் காட்டினாள். சம்பளத்தில் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. பள்ளிக்கு வந்தவர்கள் ஏறக்குறைய ஒரு வருடம் கூடுதலாகப் படித்திருந்தார்கள், அவ்வளவே. ஆனால் அவர்களுடைய தம்பி தங்கைகளில் பெரும்பாலோர் வேலைக்குப் போகாமல் படித்திருந்தார்கள். இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. படிப்பை விட்டவர்களில் முக்கால்வாசிப் பேர், வழக்கமான பள்ளியில் சேர்ந்த முதல் வருடத்திலேயே விட்டிருந்தார்கள். இந்த வரியை ரோஸ்மேரி இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.

அப்போது இன்னொரு நிறுவனம் அதே போன்ற பள்ளியை நடத்திக்கொண்டிருந்தது. ஜூனில் அங்கே போய், பாடம் நடத்தும் வேலை வேண்டாம், இங்கிருந்து போகும் பிள்ளைகளின் முதல் வருடத்தை மட்டும் எனக்குக் கொடுங்கள் என்று கேட்டார். அப்படி ஒரு வேலையே இல்லை என்றார்கள். பத்து நாள் கழித்து அவர்களே கூப்பிட்டார்கள்.

கம்பெனி வேலையை விட்டார். அந்த வருடம் பதினேழு பிள்ளைகள் நான்கு பள்ளிகளில் சேர்ந்தார்கள். திங்கள் ஒரு பள்ளி, செவ்வாய் ஒரு பள்ளி என்று முறை வைத்துக்கொண்டு, மதிய உணவு மணிக்குப் போய்ப் பிள்ளைகளோடு உட்காருவார். இன்றைக்கு உன்னை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதுதான் முதல் கேள்வி. பதில் வர நேரமானாலும் அவசரப்படுத்தாமல் காத்திருப்பார்.