எந்த மூட்டையை எடுப்பது?

இண்டூரில் எங்கள் வீட்டுக்குத் தரைக்கடியில் சம்ப் தொட்டி கட்டும்போது, எந்த சிமெண்ட் வாங்குவதென்று எனக்குத் தலை சுற்றிவிட்டது. ஐம்பத்து மூன்று கிரேடுதான் கெட்டி என்றார் மேஸ்திரி. நம் நாட்டு ஐ.எஸ். விதிகளைப் படித்தால், எங்கள் நிலத்தைப் போன்ற உப்பு மண்ணுக்கு நிலக்கரிச் சாம்பல் கலந்த பிபிசி சிமெண்டும் ஆகும் என்றிருந்தது. ஜெர்மனியில் இருக்கும் என் தம்பியோ, ஐரோப்பியத் தரப்படி இரும்பாலைக் கசடு கலந்த சிமெண்டுதான் நீடிக்கும் என்று பெரிய அட்டவணையே அனுப்பினான்.

அதியமான்கோட்டை சிமெண்ட் கடையில் இந்த மூன்றையும் ஒப்பித்தேன். கடைக்கார அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கான்கிரீட் போட்டு எத்தன நாளு தண்ணி ஊத்துவீங்க?" என்றார்.

"சம்சாரத்தோட தம்பிக்கு மறுநாளே கல்யாணங்க. வூட்டப் பூட்டிட்டு ஓசூரு போறோம்."

"அப்ப எந்த மூட்டைய எடுத்தாலும் ஒண்ணுதாங்க. நனைக்காத கான்கிரீட்டு வெடிச்சு ஒழுவத்தான் செய்யும்."

எனக்கு அவமானமாக இருந்தது. ஒரு மாதமாகப் படித்தவனுக்கு இது தோன்றவில்லையே! அவர் எடுத்துக் கொடுத்த பிபிசியையே வாங்கினேன். நனைக்க ஆள் தேடியும் கிடைக்காததால், மனைவியை மட்டும் கல்யாணத்துக்கு அனுப்பிவிட்டு, இரண்டு வாரம் ஈரச்சாக்கு போட்டுத் தண்ணீர் ஊற்றினேன்.

தொட்டி இன்றுவரை ஒரு சொட்டும் கசியவில்லை. அதற்குக் காரணம் சிமெண்டா தண்ணீரா என்பதில் எனக்கு இன்னும் குழப்பம்தான். மச்சினன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான்; அதற்கு என்ன காரணம் என்பதில் மட்டும் குழப்பமே இல்லை.